கலைதலும் கலைத்தலும்: ஒரு சட்டப்பிரிவின் மூன்று பயணங்கள்

முன்னுரை

தன்வினை, பிறவினை வேறுபாட்டை வகுப்பில் விளக்கும்போது நாம் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் சில உண்டு. திருந்தினான், திருத்தினான் என்பது ஒன்று. கலைந்தது, கலைத்தது என்பது மற்றொன்று. ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாக மாறும் அளவிலேயே செயலுக்குரியவர் மாறிவிடுகிறார். மேகம் தானே கலைகிறது. கூட்டத்தைக் காவலர் கலைக்கின்றனர். இவ்வேறுபாடு கருவைப் பற்றிய பேச்சிலும் அப்படியே நிற்கிறது. கரு கலைந்தது என்றால் இயற்கையின் செயல். கரு கலைத்தாள் என்றால் மனிதச் செயல். ‘கருச்சிதைவு’ என்னும் பெயர் சிதைதல் என்னும் தன்வினையிலிருந்தும், ‘கருக்கலைப்பு’ என்னும் பெயர் கலைத்தல் என்னும் பிறவினையிலிருந்தும் பிறந்தவை. எனினும் நாளேடுகளும் சட்ட மொழிபெயர்ப்புகளும் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றி வழங்கி வருகின்றன.

இஃது இலக்கணத்தோடு முடிந்துவிடும் செய்தியன்று. உதிரப்போக்குடன் மருத்துவமனைக்கு வரும் பெண்ணிடம் ‘கலைந்ததா, கலைத்ததா?’ என்று கேட்கப்படும் கேள்விக்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு உள்ளது. இந்தியா, சிங்கப்பூர், மலேசியா ஆகிய மூன்று நாடுகளிலும் அக்கேள்வி ஒரே சட்டப்பிரிவிலிருந்து பிறந்தது என்பதையும், பின்னர் அப்பிரிவு மூன்று வேறு வழிகளில் சென்றது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அவ்வரலாற்றின் ஊடே கருக்கலைப்பு முறைகளின் வளர்ச்சி, அவற்றின் ஆபத்து, மீட்சி ஆகியவற்றையும் நாம் நோக்குவோம்.

ஒரே பிரிவு, இரு கரைகள்

மெக்காலேயின் தலைமையில் அமைந்த சட்ட ஆணையம் இந்தியாவுக்கான தண்டனைச் சட்ட வரைவை 1837ஆம் ஆண்டு முன்வைத்தது. அது பலமுறை திருத்தப்பெற்று 1860இல் சட்டமாகி, 1862 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 312ஆம் பிரிவே நம் பொருள். கருவுற்ற பெண்ணுக்குத் தன்னிச்சையாகக் கருச்சிதைவு உண்டாக்குபவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ என்றும், வயிற்றில் சிசுவின் அசைவு உணரப்பட்ட நிலையாயின் 7 ஆண்டு வரை சிறையும் அபராதமும் என்றும் அது விதித்தது. தனக்குத் தானே அதனைச் செய்துகொள்ளும் பெண்ணும் இப்பிரிவுக்கு உட்பட்டவளே என்று விளக்கமும் சேர்த்தது. பெண்ணின் உயிரைக் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டால் மட்டும் குற்றமாகாது. பெண்ணின் ஒப்புதலின்றிச் செய்தல், அதனால் மரணம் விளைதல் முதலியவற்றை 313 முதல் 316 வரையிலான பிரிவுகள் கூறின.

ஆங்கில மூலம் ‘கருச்சிதைவு’ என்னும் தன்வினைப் பெயரையே எடுத்துக்கொண்டு, ‘உண்டாக்குதல்’ என்னும் துணைச்சொல்லால் அதைக் குற்றமாக்கியது என்பது இங்கு நோக்கத்தக்கது. தமிழ் ஒரே எழுத்தில் சொல்லும் வேறுபாட்டைச் சட்டம் ஒரு வினைத்தொடரால் சொல்ல வேண்டியிருந்தது. நம் மொழிபெயர்ப்புகளில் சிதைவும் கலைப்பும் கலந்து போனமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம்.

உயிர்காக்கும் விலக்கு இந்தியத் தொகுப்பில் எழுத்திலேயே இருக்க, இங்கிலாந்தின் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தின் கருக்கலைப்புப் பிரிவில் அவ்வாறு வெளிப்படையான விலக்கு எதுவும் இல்லை. வன்புணர்ச்சிக்கு ஆளான 14 வயதுச் சிறுமிக்குக் கருக்கலைப்புச் செய்து, தாமே காவல்துறைக்கு அறிவித்த அலெக் போர்ன் என்னும் மருத்துவரை 1938இல் நடுவர் குழு விடுவித்த பின்னரே அங்கு மருத்துவர்களுக்கு ஓரளவு தெளிவு பிறந்தது. தாய்நாட்டில் இல்லாத ஒரு விலக்கைக் குடியேற்ற நாட்டுக்கு எழுதிக்கொடுத்த விந்தையை நாம் இங்குக் காண்கிறோம்.

இந்தியத் தொகுப்பை முன்மாதிரியாகக் கொண்டு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களுக்கு 1871இல் தண்டனைச் சட்டம் இயற்றப்பட்டு, 1872இல் நடைமுறைக்கு வந்தது. பின்னர் மலாய் மாநிலங்களிலும் அதுவே வேரூன்றியது. ஆகவே, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்ப் பெண் கடலைக் கடந்தாளேயன்றி 312ஆம் பிரிவைக் கடக்கவில்லை. பிரிவின் எண்கூட மாறவில்லை. சென்னை மாகாணத்துச் சிற்றூரில் எந்தச் சட்டம் அவள் வயிற்றைப் பற்றிப் பேசியதோ, அதே சட்டம் மலாயாத் தோட்டத்திலும் பேசிற்று.

கேள்வியும் சிகிச்சையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மருத்துவர் கையிலிருந்த முதன்மையான முறை, கருப்பை வாயை விரித்து, கூர்மையான கரண்டி போன்ற கருவியால் உட்சுவரைச் சுரண்டி எடுப்பதாகும். மருத்துவமனைகளில் ‘டி அண்ட் சி’ என்று இன்றும் வழங்கும் முறை இதுவே. மயக்க மருந்தும் கைதேர்ந்த மருத்துவரும் இதற்குத் தேவை. கருப்பைச் சுவரில் துளை விழுதல், மிகையான உதிரப்போக்கு, உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளுதல் ஆகியவை இதன் தீங்குகள்.

சட்டத்துக்கு அஞ்சிய பெண் மருத்துவரிடம் செல்லவில்லை. கருப்பை வாயினுள் குச்சிகளையும் காரப் பொருள்களையும் செலுத்தும் கைகளை நாடினாள். தூய்மையற்ற பொருள் கருப்பையுள் சென்றால் கிருமிகள் குருதியில் கலந்து உடல் முழுவதும் பரவும், சிறுநீரகம் செயலிழக்கும். பெனிசிலின் பரவலாவதற்கு முந்திய காலத்தில் இந்நிலையிலிருந்து மீள்வது அரிதாகவே இருந்தது. உயிர் பிழைத்தவருள்ளும் கருக்குழாய் அடைபட்டு மீண்டும் கருவுற இயலாமற் போனோர் உண்டு.

இத்தகைய பெண் மருத்துவமனையை அடைந்தபோதுதான் நாம் தொடக்கத்தில் கூறிய கேள்வி எழுந்தது. மருத்துவ நோக்கில் அக்கேள்விக்குப் பெரும்பாலும் தேவையில்லை. கரு தானே கலைந்தாலும் கலைக்கப்பட்டாலும் சிகிச்சை ஒன்றே: கருப்பையில் எஞ்சியதை அகற்றுதல், உதிரப்போக்கை நிறுத்துதல், கிருமித்தொற்றைக் கட்டுப்படுத்துதல், இழந்த குருதியை ஈடுசெய்தல். இரண்டையும் வேறுபடுத்தும் தேவை சட்டத்துக்கே இருந்தது. ஆயினும் அக்கேள்விக்கு அஞ்சியே பெண்கள் காலந்தாழ்த்தினர்; அந்தத் தாமதமே பலரைக் கொன்றது.

1958இல் சீன மருத்துவர்களான வூ யுவான்தாய், வூ சியென்சென் ஆகியோர் கருப்பையினுள் இருப்பதை உறிஞ்சி எடுக்கும் முறையை வெளியிட்டனர். 1960களில் அது சோவியத்து ஒன்றியத்துக்கும் ஐரோப்பாவுக்கும் பரவியது. 1970களில் வளைந்து கொடுக்கும் நெகிழிக் குழாயும் கையால் இயக்கும் உறிஞ்சுகுழலும் வழக்கத்துக்கு வந்தபின், மின்சாரமும் முழு மயக்கமும் இன்றியே சில நிமிடங்களில் அதனைச் செய்ய இயன்றது. சுரண்டும் முறையைக் கைவிட்டு உறிஞ்சும் முறையை மேற்கொள்ள வேண்டும் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையாகும்.

மூன்று வழிகள்

விடுதலைக்குப் பின் மூன்று நாடுகளும் ஒரே பிரிவை மூன்று விதமாகக் கையாண்டன.

சிங்கப்பூர் முதலில் நகர்ந்தது. அந்நாட்டின் கண்டாங் கெர்பாவ் மகப்பேற்று மருத்துவமனையில் 1966ஆம் ஆண்டில் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. ஒரே மருத்துவமனையில் ஓராண்டில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என உலகச் சாதனை நூலில் அவ்வெண் இடம்பெற்றது. நம்மவர் செறிந்து வாழ்ந்த சிராங்கூன் வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கும் அதுவே பிறந்த இடம். மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை நாட்டின் வாழ்வா சாவா என்னும் சிக்கலாக அரசு கருதிய அக்காலத்தில், 1969இல் கருக்கலைப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1970இல் நடைமுறைக்கு வந்தது. காரணங்களை ஆராய்ந்து ஒப்புதல் வழங்க வாரியம் ஒன்றை அது அமைத்தது. 1974இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் அவ்வாரியத்தை நீக்கி, பெண்ணின் எழுத்துவழி ஒப்புதலையே அடிப்படையாக்கியது. 24 வாரம் வரை தகுதிபெற்ற மருத்துவர் செய்யலாம். அதற்குமேல் பெண்ணின் உயிரைக் காக்கவோ அவள் உடல், மன நலத்துக்குக் கடுமையான நிலையான தீங்கைத் தடுக்கவோ மட்டுமே இடமுண்டு. பிறப்பைக் குறைக்க விரும்பிய அரசு 1980களில் பிறப்பைக் கூட்ட விரும்பியபோது, முன்னாலோசனையும் 48 மணிநேரக் காத்திருப்பும் நடைமுறையில் சேர்ந்தன. பெண்ணின் உரிமை என்ற நிலையினும் மக்கள்தொகைக் கணக்கு என்ற நிலையிலேயே சட்டம் பெரிதும் அசைந்ததை இது காட்டுகிறது.

இந்தியா நடுவழியைத் தேர்ந்தது. சாந்திலால் ஷா தலைமையில் 1964இல் அமைக்கப்பட்ட குழு 1966இல் அறிக்கை அளித்தது. அதன் விளைவாக 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் இயற்றப்பட்டு 1972 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. 12 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், 12 முதல் 20 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை என்றது. வன்புணர்ச்சியால் உண்டான கருவும், மணமான பெண்ணுக்குக் கருத்தடை முறை தவறியதால் உண்டான கருவும் மனநலத்துக்குக் கடுந்தீங்கு விளைப்பனவாகக் கொள்ளப்பட்டன. ஆயினும் 312ஆம் பிரிவு நீங்கவில்லை. அதன்மீது மருத்துவருக்கு ஒரு காப்பு அளிக்கப்பட்டது, அவ்வளவே. 2021இல் திருத்தம் வந்து, சில வகைப் பெண்களுக்குக் கால எல்லை 24 வாரமாக உயர்ந்தது. ‘கணவர்’ என்ற சொல் ‘துணைவர்’ என மாறியது. மணமாகாத பெண்ணை 20 முதல் 24 வாரம் வரையிலான வாய்ப்பிலிருந்து விலக்குவது சமத்துவத்துக்கு முரண் என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 சூலையில் பழைய தண்டனைச் சட்டம் மறைந்து புதிய சட்டத்தொகுப்பு வந்தபோதும், 312 என்பது 88 ஆயிற்றேயன்றிக் குற்றம் குற்றமாகவே நின்றது.

கருவின் பாலை அறிந்து பெண்கருவைக் கலைக்கும் கொடுமையைத் தடுக்க 1994இல் இந்தியா தனிச்சட்டம் இயற்றியது. அது பால்தெரிவைத் தடுக்கும் சட்டம். கருக்கலைப்பைத் தடுக்கும் சட்டமன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு, சட்டப்படியான சேவைக்கு வரும் பெண்ணையும் ஐயத்தோடு நோக்கும் போக்கு இந்தியாவில் இருந்து வருகிறது என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நன்று.

மலேசியா தனிச்சட்டம் எதுவும் இயற்றவில்லை. 1989இல் 312ஆம் பிரிவுக்கே ஒரு விலக்கைச் சேர்த்தது. கருவைத் தொடர்வதால் பெண்ணின் உயிருக்கோ உடல் நலத்துக்கோ மன நலத்துக்கோ நேரும் தீங்கு, கருவைக் கலைப்பதால் நேரும் தீங்கினும் மிகுதி என்று பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் நல்லெண்ணத்துடன் கருதினால் அது குற்றமாகாது. ‘உயிர்’ என்று மட்டும் இருந்த இடத்தில் ‘நலம்’ நுழைந்தது. இது பெரிய மாற்றமே. 2012இல் சுகாதார அமைச்சு அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டி ஒன்றையும் வெளியிட்டது. எனினும் விலக்கு ஒரு பிரிவின் அடியில் ஒட்டப்பட்ட குறிப்பாக இருப்பதால், அதனை அறியாதோர் மிகப் பலர். 2014இல் பினாங்கில் மருத்துவகத்தில் கருக்கலைப்புச் செய்துகொண்ட புலம்பெயர்த் தொழிலாளிப் பெண் ஒருவர்மீது 315ஆம் பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டு, கீழ்நிலை நீதிமன்றத்தில் அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1989இன் விலக்கோ 312ஆம் பிரிவின்கீழ் அமைந்திருந்தது. பிரிவுகளுக்கு இடையிலான இச்சிறு இடைவெளியில் ஒரு பெண்ணின் வாழ்வு சிக்கிக்கொண்டது.

கருவியிலிருந்து மருந்துக்கு

சட்டங்கள் இவ்வாறு அசைந்த காலத்திலேயே, கருவியை மருந்து இடம்பெயர்க்கத் தொடங்கியது. கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்யும் புரோஸ்டகிளாண்டின் என்னும் பொருளைக் கருக்கலைப்புக்குப் பயன்படுத்திய முதல் ஆய்வுகளுள் ஒன்றை, உகாண்டாவின் கம்பாலாவில் பணியாற்றிய சுல்தான் கரீம் 1970இல் வெளியிட்டார். பின்னர் அவர் சிங்கப்பூருக்கு வந்து, இலங்கையில் பிறந்த தமிழரான பேராசிரியர் எஸ். எஸ். ரத்னத்துடன் இணைந்து அவ்வாய்வைத் தொடர்ந்தார். 1974ஆம் ஆண்டுச் சட்டம் அளித்த தெளிவு, வெளிப்படையான ஆய்வுக்கும் இடமளித்தது என்று நாம் கொள்ளலாம்.

கரு தங்கி வளர உதவும் புரோஜெஸ்டிரோன் சுரப்பின் செயலைத் தடுக்கும் மைஃபெப்ரிஸ்டோன், பிரெஞ்சு நிறுவனமான ரூசல் உக்லாப்பின் ஆய்வகத்தில் 1980இல் உருவானது. அதன் மருத்துவப் பயனை வலியுறுத்தி நின்றவர் எத்தியேன் எமில் போலியூ. 1988 செப்டம்பரில் பிரான்சு ஒப்புதல் அளித்தது. எதிர்ப்புக்கு அஞ்சி அடுத்த மாதமே நிறுவனம் அதனைத் திரும்பப் பெற்றபோது, அம்மருந்து பெண்களின் அறவழிச் சொத்து என்று கூறிச் சுகாதார அமைச்சர் குளோத் எவேன் மீண்டும் வழங்கச் செய்தார்.

மிசோப்ரோஸ்டாலின் கதை வேறு. இரைப்பைப் புண்ணுக்காக விற்பனைக்கு வந்த அம்மருந்தின் மற்றொரு பயனை, கருக்கலைப்புக்குக் கடுந்தடை நிலவிய பிரேசிலின் பெண்கள் 1980களின் பிற்பகுதியில் தாமே கண்டுகொண்டனர். ஆய்வாளர்கள் பின்னரே அதனைக் கவனித்தனர். மருத்துவமனைக்கு வந்தோரிடம் கடுமையான கிருமித்தொற்று முன்னைப்போல் காணப்படவில்லை.

இவ்விரு மருந்துகளின் கூட்டை 2005இல் உலகச் சுகாதார நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. ‘நாட்டின் சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பண்பாடு ஏற்கும் இடத்தில்’ என்ற கட்டுக்குறிப்பு அதனுடன் இருந்தது. 2019இல் அக்குறிப்பு நீக்கப்பட்டு, அது முதன்மைப் பட்டியலுக்கு மாற்றப்பட்டது. இந்தியா 2002இல் மைஃபெப்ரிஸ்டோனுக்கு ஒப்புதல் அளித்தது. 2008இல் இரண்டும் ஒரே பொதியாக வந்தன.

ஆபத்தும் மீட்சியும்

மருந்துவழி முறையில் முதல் மருந்து கருவைத் தாங்கும் சூழலைத் தளர்த்துகிறது. ஓரிரு நாளுக்குப் பின் கொள்ளும் இரண்டாம் மருந்து கருப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றுகிறது. காலம் இறுதி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது. ஒன்பது வாரத்துக்குள் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் வேறு தலையீடின்றியே நிறைவுறுகிறது. எஞ்சிய சிலருக்கு உறிஞ்சி எடுக்க நேரலாம். மாதவிடாயினும் மிகுந்த உதிரப்போக்கும் வயிற்று வலியும் சில மணிநேரம் இருப்பது இம்முறையின் இயல்பு. குளிர், குமட்டல், வயிற்றுப்போக்கு ஆகியவை குறுகிய நேரத்தில் அடங்கும். சிறு கசிவு இரு வாரமோ அதற்குச் சற்றுக் கூடுதலாகவோ நீடிக்கும்.

ஆபத்தின் அறிகுறிகள் தெளிவானவை. தொடர்ந்து இரு மணிநேரம், ஒவ்வொரு மணியிலும் இரு பெரிய நாப்கின்கள் நனைதல், ஒரு நாளுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், துர்நாற்றமுள்ள கசிவு, தணியாத வயிற்று வலி, மயக்கம் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவமனையை நாட வேண்டும். கருக்குழாயில் தங்கிய கருவை இம்மருந்துகள் கலைப்பதில்லை. குழாய் வெடித்தால் உயிருக்கே இடர். குருதி உறையாமைக் கோளாறு உடையோர், நெடுநாள் ஸ்டீராய்டு உட்கொள்வோர், கருப்பையுள் கருத்தடைச் சாதனம் உள்ளோர் ஆகியோருக்கு முன்னாய்வு இன்றியமையாதது. 2019-21ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களுள் 57 விழுக்காட்டினர் குருதிச்சோகை உடையோர் என்பதால், உதிர இழப்பைப் பொருட்படுத்தாமல் விடலாகாது.

மீட்சி பொதுவாக விரைவானது. ஓரிரு நாளில் அன்றாடப் பணிகளுக்குத் திரும்புவோரே மிகுதி. அடுத்த மாதவிடாய் நான்கு முதல் எட்டு வாரத்துள் வரும். ஆனால் அதற்கு முன்பே, இரு வாரத்துக்குள்ளும் மீண்டும் கருவுற இயலும். முறையாகச் செய்யப்பட்ட கருக்கலைப்பு பிற்காலத்துக் கருவுறுதலைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரமில்லை. மலடாக்கியது தூய்மையற்ற கருவியும் காலந்தாழ்ந்த சிகிச்சையுமே.

அமெரிக்காவில் 1998 முதல் 2005 வரையிலான தரவுகளைக்கொண்டு 2012இல் வெளியான ஆய்வொன்று, சட்டப்படியான கருக்கலைப்பில் ஒரு லட்சத்துக்கு 0.6 மரணமும், உயிருடன் குழந்தை பிறந்த மகப்பேற்றில் ஒரு லட்சத்துக்கு 8.8 மரணமும் எனக் கண்டது. மறுபுறம், உலகில் ஆண்டுதோறும் நிகழும் சுமார் 7 கோடியே 30 லட்சம் கருக்கலைப்புகளுள் 45 விழுக்காடு பாதுகாப்பற்றவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே செயலின் ஆபத்து இவ்வளவு வேறுபடுவதற்கு உடற்கூறு காரணமன்று. செய்யப்படும் சூழலே காரணம்.

சட்டம் மட்டும் அச்சூழலை மாற்றிவிடாது என்பதற்கு இந்தியாவே சான்று. 2015இல் அங்கு நிகழ்ந்த 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகளுள் 73 விழுக்காடு, மருத்துவ நிலையங்களுக்கு வெளியே மருந்து வாங்கி உட்கொண்டு நிகழ்ந்தவை என 2018இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. மருந்து இருந்தது; சட்டமும் இருந்தது; உதிரம் மிகுந்தால் எப்போது எங்கே செல்வது என்று சொல்வாரே குறைவாயினர்.

முடிவுரை

312ஆம் பிரிவு சிங்கப்பூரில் பெண்ணின் ஒப்புதலுக்கும், இந்தியாவில் மருத்துவரின் காப்புக்கும், மலேசியாவில் ஓர் அடிக்குறிப்பு போன்ற விலக்குக்கும் வழிவிட்டது. மூன்றிலும் பொதுவாக எஞ்சியது அச்சமே. அவ்வச்சம் பெண்ணை மருத்துவரிடமிருந்து விலக்கிய காலமெல்லாம் கருக்கலைப்பு கொல்லும் செயலாக இருந்தது; அது விலகிய இடங்களில் எளிய சிகிச்சையாயிற்று.

மொழி ஆசிரியர்களாகிய நமக்கு இதில் ஒரு பங்குண்டு. கருச்சிதைவையும் கருக்கலைப்பையும் தெளிவாகப் பிரித்து எழுதுவோம். குழந்தையை இழந்து துயருறும் பெண்ணின் ஏட்டில் ‘கலைப்பு’ என்ற சொல் விழாதிருக்கட்டும். அதே வேளையில், உதிரப்போக்குடன் வாயிலில் நிற்பவளிடம் அவ்வேறுபாட்டைக் கேள்வியாக வைக்காதிருக்கவும் கற்பிப்போம். இலக்கண வகுப்பில் கலைந்தது வேறு, கலைத்தது வேறு. மருத்துவமனை வாயிலில் இரண்டுக்கும் ஒரே கட்டில், ஒரே கவனிப்பு.